நடித்தவனுக்கு ஒரு மன்னிப்பு, நிஜமாகவே புத்தி பேதலித்தவளுக்கு? ஹாம்லெட்டும் ஒஃபீலியாவும்

இன்றைய எபிசோடில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட். "ஐயோ, இங்கிலீஷ் பேப்பரா?" என்று ஸ்கிப் பண்ணிடாதீங்க. நான் படித்தது இன்ஜினியரிங், பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. அதனால் லிட்டரேச்சர் கிளாஸெல்லாம் எடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசுவோம். இந்த நாடகத்தில் ரெண்டு பேருக்குப் பைத்தியம் பிடிக்கிறது. ஒருவர் நடிக்கிறார், இன்னொருவருக்கு நிஜமாகவே பிடிக்கிறது. அந்த நிஜத்துக்கு யார் பொறுப்பு?

முதலில் கதை, சுருக்கமாக.

டென்மார்க் நாடு, எல்சினோர் கோட்டை. ராஜா இறந்துபோகிறார். அவர் தம்பி கிளாடியஸ் அரியணை ஏறி, அண்ணியையே கல்யாணமும் செய்துகொள்கிறார். ஒரு ராத்திரி, இளவரசன் ஹாம்லெட் முன்னால் அப்பாவின் ஆவி வந்து நிற்கிறது. தூங்கிக்கொண்டிருந்த தன் காதில் விஷம் ஊற்றிக் கொன்றது கிளாடியஸ்தான், நீதான் பழி வாங்கணும் என்கிறது. ஹாம்லெட் ஒரு பிளான் போடுகிறான்: பைத்தியம் மாதிரி நடிக்கலாம். நண்பன் ஹொரேஷியோவிடம் முன்கூட்டியே இதைக் கோடி காட்டியும் வைக்கிறான்.

ஒருத்தியிடம் மட்டும் சொல்லவே இல்லை. அவன் காதல் கடிதம் எழுதிய ஒஃபீலியா. ராஜாவின் ஆலோசகர் பொலோனியஸுடைய மகள்.

தேவை போச்சு, ஃபீச்சர் மட்டும் நின்னுச்சு

இந்தக் கதை ஷேக்ஸ்பியர் உருவாக்கினது இல்லீங்க. 1200 வாக்கில் சாக்ஸோ கிரமாட்டிகஸ் என்பவர் லத்தீனில் எழுதிய டென்மார்க் வரலாற்றிலேயே ஆம்லெத் என்று ஓர் இளவரசன் வருகிறான். அதில் சித்தப்பா செய்த கொலை எல்லோருக்கும் தெரியும். அடுத்த குறி தான்தான் என்று ஆம்லெத்துக்குப் புரிகிறது. மந்தபுத்திக்காரன் மாதிரி நடித்தால், "இவனால என்ன ஆபத்து" என்று விட்டுவிடுவார்கள். நடிப்பு அவனுக்கு உயிர்க் கவசம்.

ஷேக்ஸ்பியர் 1600-ஐ ஒட்டி இதை எழுதும்போது கொலையை ரகசியமாக்கிவிட்டார். ஹாம்லெட்டுக்கு உண்மை தெரியும் என்றே கிளாடியஸுக்குத் தெரியாது. அப்புறம் எதுக்கு நடிப்பு? சும்மா இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நடித்ததால்தான் ராஜாவுக்குச் சந்தேகமே வருகிறது. எங்க ஃபீல்டில் இது அடிக்கடி நடக்கும். பழைய கோடில் ஒரு ஃபீச்சர் இருக்கும், அது எந்தத் தேவைக்காக வந்ததோ அந்தத் தேவை போயிருக்கும். ஃபீச்சர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், லோடு வேறெங்கோ போய் விழும்.

இங்கே அந்த லோடு விழுவது ஒஃபீலியா மேல்.

இன்னொரு வித்தியாசமும் முக்கியம். சாக்ஸோ கதையிலும் இளவரசனைச் சோதிக்க ஒரு பெண்ணை அனுப்புகிறார்கள். அவள் சின்ன வயதில் அவனோடு சேர்ந்து வளர்ந்தவள். யாரிடமும் சொல்லாதே என்று அவன் கேட்கிறான், அவளும் ரகசியத்தைக் காப்பாற்றுகிறாள். ஷேக்ஸ்பியரின் ஒஃபீலியாவிடம் அப்படி யாரும் எதையும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

அவள் பக்கத்திலிருந்து பார்ப்போம்

அண்ணன் லயர்டீஸ், "இளவரசனை நம்பாதே" என்கிறான். அப்பா, "இனி அவனோடு பேசாதே" என்கிறார். சரி என்கிறாள். அப்புறம் ஒருநாள் ஹாம்லெட் கலைந்த உடையோடு அவள் அறைக்குள் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போகிறான். பயந்துபோய் அப்பாவிடம் ஓடுகிறாள். அவருக்கு உடனே விடை கிடைத்துவிட்டது: "காதல் பைத்தியம்!" காதல் கடிதத்தை ராஜா ராணி முன்னால் சத்தமாகப் படித்தே காட்டுகிறார். பிறகு அவளைத் தூண்டில் புழுவாக நிற்க வைத்து, அவரும் ராஜாவும் ஒளிந்து கேட்கிறார்கள். ஹாம்லெட் வந்து, உன்னை நான் காதலிக்கவே இல்லை, கன்னிமாடத்துக்குப் போய்விடு என்று கொட்டித் தீர்க்கிறான்.

அடுத்து, அம்மாவின் அறையில் திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பது ராஜாவாக இருக்கும் என்று நினைத்து ஹாம்லெட் வாளைச் செருகுகிறான். செத்தது பொலோனியஸ். அவசர அவசரமாக, சத்தமில்லாமல் அடக்கம் செய்கிறார்கள்.

இப்போ ஒஃபீலியாவிடம் என்ன மிச்சம்? காதலித்தவன் அப்பாவைக் கொன்றுவிட்டான். அண்ணன் பிரான்ஸில். இத்தனைக்கும் காரணமான கொலை பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

அவளுக்குப் புத்தி பேதலிக்கிறது. அரண்மனைக்குள் வந்து பாடுகிறாள். செத்துப்போன ஒருவரைப் பற்றி ஒரு பாட்டு, கல்யாணம் செய்கிறேன் என்று ஏமாற்றப்பட்ட பெண்ணைப் பற்றி இன்னொன்று. ஒவ்வொருவருக்கும் பூ கொடுக்கிறாள். அப்பா செத்தபோதே வயலெட் பூவெல்லாம் வாடிப்போச்சு என்கிறாள். இதுவரை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்ன பெண், முதல்முறையாக யார் அனுமதியும் இல்லாமல் பேசுகிறாள்.

கேட்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனிங்க. இவள் பேச்சைக் கேட்டு மக்கள் ஏடாகூடமாக யோசிப்பார்களே என்பதுதான் அரண்மனையின் கவலை. ஊரிலிருந்து திரும்பிய லயர்டீஸ் அவளைப் பார்த்துக் கதறுகிறான், ஆனால் அது அவன் பழிவெறிக்கு எண்ணெயாகிறது. கிளாடியஸ் அந்த வெறியை அப்படியே ஹாம்லெட் பக்கம் திருப்பிவிடுகிறார். விஷம் தடவிய வாள் பற்றி ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போதே ராணி வந்து சொல்கிறாள்: வில்லோ மரக்கிளை முறிந்து, ஒஃபீலியா ஓடையில் மூழ்கிவிட்டாள்.

சாவிலும் நிம்மதி இல்லை. தற்கொலையோ என்ற சந்தேகத்தில் பாதிரியார் சடங்குகளைக் குறைத்துவிடுகிறார். குழிக்குப் பக்கத்திலேயே லயர்டீஸும் ஹாம்லெட்டும் கட்டிப் புரள்கிறார்கள். நாற்பதாயிரம் அண்ணன்கள் சேர்ந்தாலும் என் காதலுக்கு ஈடாகாது என்கிறான் ஹாம்லெட். உயிரோடு இருக்கும்போது ஒரு உண்மையைக்கூடச் சொல்லாதவன்!

கடைசிக் கணக்கு

இதுக்கு அப்புறம் வரும் ஒரு இடம்தான் எனக்கு ரொம்ப உறுத்துவது. வாள் போட்டிக்கு முன்னால் ஹாம்லெட், லயர்டீஸிடம் மன்னிப்புக் கேட்கிறான். உனக்குத் தீங்கு செய்தது நான் இல்லை, என் பைத்தியம் என்கிறான். அம்மாவிடம், இது வெறும் நடிப்பு என்று ஒத்துக்கொண்டவனும் இவனேதான். அவனுக்குப் பைத்தியம் முதலில் முகமூடி, கடைசியில் சாக்கு. நிஜமாகவே அது வந்தவளுக்குச் சாக்கு சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை.

ஹாம்லெட்டும் உள்ளே நொறுங்கியவன்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். அப்பாவின் சாவு, அம்மாவின் அவசரக் கல்யாணம், எல்லாமே நிஜ வலி. ஆனால் அந்த வலியைச் சொல்ல அவனுக்கு ஹொரேஷியோ இருந்தான். ஒஃபீலியாவுக்கு அப்படி ஒருத்தர்கூட இல்லை.

எண்ணிப் பாருங்க. பொலோனியஸ், ஒஃபீலியா, ஹாம்லெட்டின் பழைய நண்பர்கள் ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன், ராணி, லயர்டீஸ், கிளாடியஸ், ஹாம்லெட். நாடகம் தொடங்கிய பிறகு 8 சாவு. ஆவி கேட்டது 1. அரியணை யாருக்குப் போகிறது தெரியுமா? ஃபோர்டின்பிராஸுக்கு. அவன் அப்பாவையும் ஹாம்லெட்டின் அப்பாதான் கொன்றார். பழி தீர்க்கப் படை திரட்டியவன், மன்னரான தன் சித்தப்பா தடுத்ததும் நிறுத்திக்கொண்டான்.

தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் இதை 'அமலாதித்யன்' ஆக்கினார். 2014-ல் 'ஹைதர்' இதைக் காஷ்மீருக்குக் கொண்டுபோனது. எந்த வடிவத்தில் பார்த்தாலும், அந்தப் பூக்கள் கொடுக்கும் காட்சியில் அவளைச் சுற்றி நிற்கிறவர்களையும் பாருங்க. அவள் சொல்வதை யாராவது அவளுக்காகக் கேட்கிறார்களா?

உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.