உங்களுக்குத் தெரியுமா? ஊரை அல்ல, விலாசத்தைத் தேடுங்கள்!

சான் ஹோசேயிலிருந்து டாலஸுக்கு, நியூஜெர்சியிலிருந்து ராலேவுக்கு என்று அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. எல்லாரும் முதலில் விசாரிப்பது, "அங்கே புறநகரில் நல்ல ஊர் எது?" என்றுதான். ஆனால் ஊர்ப் பெயரை வைத்து அங்கே எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே வீட்டின் மேல் தபால் துறை ஒரு கோடு, நகராட்சி ஒரு கோடு, பள்ளி நிர்வாகம் ஒரு கோடு, தண்ணீர் வாரியம் ஒரு கோடு என்று ஆளாளுக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை அந்தக் கோடுகளுக்குள்தான் நடக்கப்போகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை இவற்றைப் படித்துவிடுங்கள்.

தபாலில் ஒரு ஊர், வரிக்கு வேறு ஊர்

1963-ல் வந்த ஜிப் கோடு, கடிதங்களைச் சுலபமாகப் பிரித்துக் கொண்டு சேர்ப்பதற்கான ஏற்பாடு. நகராட்சி எல்லையோடு அது ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. விலாசத்தில் ஒரு நகரத்தின் பெயர் இருக்கும். வீடோ அந்த நகர எல்லைக்கு வெளியே, கவுன்ட்டி நிர்வாகத்தில் இருக்கும். எந்த ஊர் போலீஸ் வரும், எந்த நூலகத்தில் இலவச அட்டை கிடைக்கும், யாருக்கு வரி கட்ட வேண்டும் என்பதெல்லாம் உண்மையான எல்லையைப் பொறுத்தவை. டெக்சாஸில் கவுன்ட்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலக இணையதளத்தில் விலாசத்தைத் தட்டினால், அந்த வீட்டுக்கு யார் யார் வரி போடுகிறார்கள் என்ற பட்டியலே வந்து நிற்கும்.

ஃபிரிஸ்கோ நகரம் வேறு, ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டம் வேறு

டாலஸின் வடக்கே உள்ள ஃபிரிஸ்கோவின் பள்ளி மாவட்டம், பக்கத்து ஊர்களான பிளேனோ, மெக்கின்னி, லிட்டில் எல்ம் ஆகியவற்றின் சில பகுதிகளுக்குள்ளும் நீள்கிறது. அதேநேரம் ஃபிரிஸ்கோ நகருக்குள்ளேயே இருக்கும் சில வீடுகள் பிராஸ்பர், லூயிஸ்வில், லிட்டில் எல்ம் பள்ளி மாவட்டங்களில் சேர்ந்தவை. பள்ளிக்காக ஃபிரிஸ்கோ என்று முடிவு செய்தவர்கள், வாங்கும் வீடு எந்தப் பள்ளி மாவட்டத்தில் வருகிறது என்பதை அந்தப் பள்ளி நிர்வாகத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

பள்ளி எல்லை அப்படியே நிற்காது

2000-ல் ஃபிரிஸ்கோவின் மக்கள்தொகை 33,714. 2020-ல் 2,00,509. இந்த வேகத்தில் வளரும் ஊரில் புதுப் பள்ளிகள் திறந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு என்ற கோட்டைத் திருத்தி வரைவார்கள். ராலே, கேரி ஊர்களை உள்ளடக்கிய வேக் கவுன்ட்டியில் இன்னொரு ஏற்பாடு. சில பள்ளிகளில் இடம் நிரம்பியதும் புதிதாகக் குடிவருவோர் சேர்க்கைக்கு வரம்பு கட்டிவிடுவார்கள். அந்த எல்லைக்குள் வீடு இருந்தாலும், புதிதாக வந்த பிள்ளை தற்காலிகமாக வேறு பள்ளிக்குத்தான் போக வேண்டியிருக்கும். "இந்தப் பள்ளிக்கு இப்போது வரம்பு இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நவம்பரில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயதுக் கணக்கு

நியூயார்க் நகரில், அந்தக் காலண்டர் ஆண்டு முடிவதற்குள் ஐந்து வயது நிறையும் குழந்தை செப்டம்பரிலேயே கிண்டர்கார்டன் சேரலாம். டெக்சாஸில் செப்டம்பர் 1-க்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டும். நவம்பரில் பிறந்த அதே குழந்தை அங்கே இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்

டெக்சாஸில் 1997 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். பலரும் குறிவைக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் மட்டும் வரம்பு இன்னும் இறுக்கம். 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து அது முதல் ஐந்து சதவீதம். படிப்பாளிப் பிள்ளைகள் நெருக்கியடிக்கும் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியும் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்க நேரலாம். வேறு மாநிலத்தில் எடுத்த மதிப்பெண்ணை வகுப்புத் தரவரிசையில் எப்படிச் சேர்ப்பார்கள் என்பது ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தின் சொந்த விதி. இடம் மாறுவதற்கு முன்பே அந்த விதியை வாங்கிப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். அதன் நண்பர்கள், அதன் வாத்தியக் குழு, அதன் கல்லூரிக் கனவு எல்லாமே இந்த முடிவில் இருக்கின்றன.

சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைக்குச் சட்டம் துணை

ஐஇபி எனப்படும் தனிப்பட்ட கல்வித் திட்டம் உள்ள குழந்தை வேறு மாநிலத்துக்குப் போனால், எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று பெற்றோர் தவித்துப்போகிறார்கள். மத்தியச் சட்டப்படி, புதிய பள்ளி தன் மதிப்பீட்டை முடித்துப் புதுத் திட்டம் போடும்வரை, பழைய திட்டத்துக்கு நிகரான உதவிகளைத் தந்தே ஆக வேண்டும். திட்டத்தின் நகல், கடைசி மதிப்பீட்டு அறிக்கை இரண்டையும் பெட்டியில் போட்டுக் கட்டாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

"இங்கே நம்ம ஆட்கள் இருக்காங்களா?"

இதை ரியல்டரிடம் கேட்டால் அவர் நழுவிவிடுவார். சட்டம் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது. அதன் பின்னால் வேதனையான வரலாறும் இருக்கிறது. 1947-ல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் எழத் தொடங்கிய லெவிட்டவுன், நாடு முழுவதும் பின்பற்றப்பட்ட புறநகர் மாதிரி. 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வெள்ளையர் தவிர வேறு யாரும் குடியிருக்கக் கூடாது என்பது அதன் தொடக்க கால ஒப்பந்த விதி. வேலைக்காரர்களுக்கு மட்டுமே விலக்கு. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றம் அமல்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1948-ல் சொன்னது. இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து வீடு மறுப்பதை 1968-ன் நியாயமான குடியிருப்புச் சட்டம் தடை செய்தது. குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு மறுப்பதும் 1988 திருத்தத்தால் சட்டவிரோதமானது. 'உங்கள் ஆட்கள் இங்கே, மற்றவர்கள் அங்கே' என்று வாங்குபவரைத் திசைதிருப்புவதையும் இதே சட்டம்தான் தடுக்கிறது. நம்மைக் காப்பாற்றும் சட்டம் அது. ரியல்டர் நழுவினால் கோபப்படாதீர்கள். சனிக்கிழமை பூங்காவிலும் மளிகைக் கடையிலும் அரை மணி நேரம் நின்றால் விடை தானே தெரியும்.

வருமான வரி இல்லை, ஆனால்...

டெக்சாஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன், டென்னசி உட்பட ஒன்பது மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. இதைக் கேட்டதும் மனக்கணக்கில் லாபம் போட்டுவிடாதீர்கள். டெக்சாஸில் சொத்து வரி கனம். புதிதாக எழும்பும் பல குடியிருப்புகளில் குடிநீர், கழிவுநீர்க் குழாய் போட வாங்கிய கடனை அடைக்க 'மட்' எனப்படும் தனி மாவட்ட வரி வேறு சேரும். சொந்த வீட்டில் குடியிருப்பவர் விண்ணப்பித்தால் பள்ளி வரிக் கணக்கில் 1,40,000 டாலர் மதிப்பைக் கழித்துக்கொள்வார்கள். கேட்டு வாங்க வேண்டிய சலுகை இது.

விற்பவரின் வரி ரசீதை நம்பாதீர்கள்

கலிஃபோர்னியாவில் 1978-ன் 'பிராப்போசிஷன் 13' படி, வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறினால் புது விலைக்கே மதிப்பு போடுவார்கள். முப்பது வருடமாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைவிட நீங்கள் பல மடங்கு கட்ட நேரலாம். புதுக் குடியிருப்பு என்றால், அங்கே கட்டமைப்பு வசதிகளுக்காகக் கூடுதலாக வாங்கும் 'மெல்லோ ரூஸ்' வரியையும் விசாரியுங்கள்.

ஏரிக்குள் கட்டிய வீடுகள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஹூஸ்டன் நகரை வெள்ளத்திலிருந்து காக்க 1940-களில் அதன் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. மழை இல்லாத நாளில் அவை புல்வெளியாக, பூங்காவாகக் கிடக்கும். ஊர் வளர வளர, பெருமழையில் தண்ணீர் தேங்கக்கூடிய அதே பரப்பின் ஓரங்களில் அழகான குடியிருப்புகள் எழும்பின. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் கொட்டித் தீர்த்தபோது, தண்ணீர் தனக்கென விட்டிருந்த இடத்துக்கு வந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் மூழ்கின. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. தேசிய வெள்ளக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் ஒழிய அது அமலுக்கு வரப் பொதுவாக 30 நாள் ஆகும். மத்தியப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் விலாசத்தைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். அதில் அபாயப் பகுதி என்று காட்டாத வீடுகளும் ஹார்வியில் மூழ்கின என்பதையும் மறக்க வேண்டாம்.

அஸ்திவாரத்துக்குத் தண்ணீர்

டாலஸ் சுற்றுவட்டாரத்தில் களிமண். மழையில் ஊதும், வெயிலில் சுருங்கிச் சுவரை விட்டு விலகும். கோடையில் வீட்டைச் சுற்றித் துளை போட்ட ரப்பர் குழாயைப் பதித்து மண்ணை ஈரமாக வைத்திருப்பார்கள். வீடு பார்க்கப் போகும்போது கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் உண்டா, கதவு தட்டாமல் மூடுகிறதா என்று பாருங்கள்.

அணுமின் நிலையத்தில் ஒலித்த மணி

1984-ல் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர், தான் வேலை பார்த்த அணுமின் நிலையத்தின் கதிரியக்க எச்சரிக்கை மணியை ஒலிக்க வைத்தார். கதிரியக்கம் நிலையத்திலிருந்து அவர் மேல் ஒட்டவில்லை. அவர் வீட்டிலிருந்து வந்தது. மண்ணிலிருந்து கசிந்து வீட்டுக்குள் சேரும் ரேடான் வாயு அது. நிறமில்லை, மணமில்லை. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம். அளவு லிட்டருக்கு 4 பிக்கோகியூரியைத் தொட்டால் சரிசெய்யச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அடித்தளத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு அறை போடும் முன் சோதித்துவிடுங்கள்.

வாசலில் மாவிலைத் தோரணம்

ஹெச்ஓஏ என்ற குடியிருப்போர் சங்கம் வேலியின் நிறம் முதல் துணி காயப்போடுவதுவரை விதி வைத்திருக்கும். சந்தா எவ்வளவு என்று மட்டும் கேட்காமல் விதிப் புத்தகத்தையே வாங்கிப் படியுங்கள். டெக்சாஸில் வீட்டு வாசலில் சமய அடையாளம் வைப்பதைச் சங்கம் பொதுவாகத் தடுக்க முடியாது. கலிஃபோர்னியாவில் கொல்லைப்புறத்தில் கொடி கட்டித் துணி உலர்த்தும் உரிமையைச் சட்டம் தருகிறது.

எச்-1பி குடும்பங்களுக்கு

வேலை செய்யும் இடம் வேறு பெருநகர வட்டாரத்துக்கு மாறினால், அங்கே வேலையைத் தொடங்குவதற்கு முன்பே நிறுவனம் திருத்திய மனு தாக்கல் செய்ய வேண்டும் என்று 2015-ல் வந்த 'சிமியோ' என்ற குடியேற்ற மேல்முறையீட்டு முடிவு சொல்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும் இது பொருந்தும். குடிமகன் அல்லாத ஏறக்குறைய எல்லாரும், கிரீன் கார்டு வைத்திருப்போர் உட்பட, வீடு மாறிய 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் புது விலாசத்தைத் தெரிவிக்க வேண்டும்.

வீணையின் விலை 12 டாலர்

மாநிலம் தாண்டிப் பொருள் ஏற்றிச் செல்லும் மூவர்ஸ் நிறுவனம் கட்டணமில்லாமல் தரும் அடிப்படைப் பொறுப்பு, ஒரு பவுண்டு எடைக்கு 60 சென்ட் மட்டுமே. 20 பவுண்டு வீணை உடைந்தால் கிடைப்பது 12 டாலர். முழு மதிப்புப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

அம்மா அப்பா ஆறு மாதம் தங்க வந்தால்?

சுமார் நான்கு லட்சம் பேர் வாழும் டெக்சாஸின் ஆர்லிங்டனில் வழக்கமான நகரப் பேருந்து வழித்தடங்களே கிடையாது. அழைத்தால் வரும் வேன்தான். கார் ஓட்டாத பெரியவர்களுக்கு, எச்-4 விசாவில் இருக்கும் துணைவருக்கு, உரிமம் வாங்காத பதின்ம வயதுப் பிள்ளைக்கு, நடைபாதை இல்லாத புறநகர் ஒரு தனிமைச் சிறை. வீட்டிலிருந்து பூங்கா, நூலகம், மருந்துக்கடைக்கு நடந்து போக முடியுமா என்று வரைபடத்தில் பார்க்காமல் நடந்தே பாருங்கள். ஹூஸ்டன் அருகே பேர்லேண்டில் மீனாட்சி கோயில், ராலே அருகே கேரியில் வேங்கடேஸ்வரர் கோயில், பிட்ஸ்பர்க் அருகே பென் ஹில்ஸில் இன்னொரு வேங்கடேஸ்வரர் கோயில் என நம் கோயில்கள் பலவும் புறநகர்களில்தான் இருக்கின்றன. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்தால் தமிழ்ப் பள்ளி எங்கே நடக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் வருடம் வாடகை

முடிந்தவரை வந்ததும் வீடு வாங்காதீர்கள். ஒரு பள்ளி ஆண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். அந்த ஓராண்டில் பள்ளி விடும் நேரத்து நெரிசல், கோடை மின்கட்டணம், ஒரு பெருமழை எல்லாமே கண்ணுக்கு முன்னால் வந்து போகும். பிறகு வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் கேளுங்கள்: இந்த விலாசத்தில் உன் நாள் எப்படிப் போகிறது? சம்பாதிப்பவரின் பதிலுக்குக் கொடுக்கும் அதே மதிப்பைப் பாட்டியின் பதிலுக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பதிலுக்கும் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் வாங்குங்கள்.