வானூர்திக் கல்வி: பட்டமும் அனுமதிப்பத்திரமும்

விமானப் பொறியியல் துறையில் கால்பதிக்க விரும்பும் மாணவர்கள் முதலில் அறிய வேண்டியது, அங்கு செல்லும் பாதைகள் இரண்டு என்பதாகும். விமானத்தை வடிவமைக்கவும் ஆராயவும் கற்பிப்பது பட்டப்படிப்பு. இரத்மலானையிலுள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் இது உண்டு. உயர்தரத்தில் கற்கும் இணைந்த கணிதமும் பௌதிகவியலுமே இதற்கு அடித்தளம்.

பழுதுபார்க்கப்பட்ட விமானம் பறக்கத் தகுதியானதெனக் கையொப்பமிடுவதற்கோ பராமரிப்புப் பொறியியலாளர் அனுமதிப்பத்திரம் வேண்டும். பட்டம் மட்டும் போதாது. இலங்கையில் அதனை வழங்குவது சிவில் விமான சேவைகள் அதிகார சபையாகும். பரீட்சைச் சித்தியுடன் செய்முறை அனுபவமும் கட்டாயம்.

எனவே, விளம்பரங்களை நம்பிப் பெற்றோர் பெருந்தொகை செலுத்துமுன், அப்பாடநெறிக்கு அதிகார சபையின் அங்கீகாரம் உண்டா, செய்முறைப் பயிற்சி எங்கு வழங்கப்படும் என்பவற்றை எழுத்தில் கேட்டறிதல் அவசியம். பிள்ளைகளின் காலமும் குடும்பத்தின் சேமிப்பும் வீணாகாதிருக்க இதுவே வழியாகும்.