ஆங்கிலத்தில் தோற்ற வினைகள்

ஆங்கில இலக்கணத்தில் தோற்ற வினைகள் என்பவை, ஒரு பொருளோ ஆளோ பார்ப்பவருக்கு எப்படித் தெரிகிறது, என்ன எண்ணத்தைத் தருகிறது என்பதைச் சொல்லும் வினைச்சொற்கள் ஆகும். சீம், அப்பியர், லுக், சவுண்ட் ஆகியவை இவற்றுள் அதிகம் வழங்குபவை. ஃபீல், ஸ்மெல், டேஸ்ட் ஆகிய புலன் வினைகளும் பெரும்பாலும் இதே முறையில் அமைகின்றன. 'சீம்' பழைய நோர்சு மொழியிலிருந்தும், 'அப்பியர்' இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்துக்கு வந்தவை. 'லுக்' பழைய ஆங்கிலச் சொல்.

இவ்வினைகள் செயலைக் குறிப்பதில்லை. எழுவாயை அதன் பண்போடு இணைக்கின்றன. ஆகவே இவற்றை அடுத்துப் பெயரடை வரவேண்டும். 'ஷி லுக்ஸ் ஹேப்பி' (அவள் மகிழ்ச்சியாகத் தெரிகிறாள்) என்பது சரி. 'ஷி லுக்ஸ் ஹேப்பிலி' பிழை. தமிழில் இவ்விடத்தில் 'மகிழ்ச்சியாக' என்று 'ஆக' ஈறு வருவதால், அதை வினையடை எனக் கொண்டு 'லி' சேர்த்துவிடுவது எளிதில் நேரும் பிழை. ஆனால் 'ஷி லுக்ட் ஹேப்பிலி அட் த சைல்ட்' என்பது சரியே. அங்கே 'லுக்' என்பது பார்த்தல் என்னும் செயல். ஐயம் வந்தால் வினையை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பார்க்கலாம்: 'ஷி இஸ் ஹேப்பி' பொருந்தும், 'ஷி இஸ் ஹேப்பிலி' பொருந்தாது.

பெயர்ச்சொல் வந்தால் 'லுக்', 'சவுண்ட்' ஆகியவற்றுக்குப் பின் பொதுவாக 'லைக்' தேவை: 'ஹி லுக்ஸ் லைக் எ டாக்டர்'. முழு வாக்கியம் தொடர்ந்தால் 'ஆஸ் இஃப்' அல்லது 'ஆஸ் தோ' வரும்.

நடந்து முடிந்ததைச் சொல்லும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. 'அவர் போய்விட்டார் போலிருக்கிறது' என்பதில் இறந்தகாலத்தை முதல் வினையே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'டு' சேர்ந்த வினை காலம் காட்டாது. 'ஹேவ்' துணைக்கு வரவேண்டும். எனவே 'ஹி சீம்ஸ் டு ஹேவ் லெஃப்ட்' என்பதே முறை. 'ஹி சீம்ஸ் டு லெஃப்ட்' அன்று. 'எனக்குத் தோன்றுகிறது' என்பதற்கு 'இட் சீம்ஸ் டு மி' என்று வரும். 'ஐ சீம்' என்று தொடங்கினால் தோன்றுபவரே பேசுபவர் ஆகிவிடுவார்.

தமிழர் பேசும் ஆங்கிலத்தில் தனியே கவனிக்கத்தக்கது வாக்கிய இறுதியில் வரும் 'இட் சீம்ஸ்'. 'வந்தானாம்', 'சொன்னாராம்' என்பவற்றிலுள்ள 'ஆம்' ஈறு, செய்தி பிறர் சொல்லக் கேட்டது என்று காட்டும். கன்னடத்திலும் தெலுங்கிலும் இத்தகைய ஈறுகள் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு நேரான ஈறு இல்லாததால், தென்னிந்திய ஆங்கிலம் 'இட் சீம்ஸ்' என்பதை அவ்விடத்தில் வைத்துக்கொண்டது. இந்தியாவுக்குள் இது பெரும்பாலும் விளங்கிவிடும். பிரித்தானியரோ அமெரிக்கரோ இதைப் பேசுபவரின் சொந்த ஊகமாகவே கொள்வார்கள். தமிழிலோ ஊகத்துக்குப் 'போலிருக்கிறது', கேள்விப்பட்டதற்கு 'ஆம்' என இரண்டும் பிரிந்தே நிற்கின்றன. நோயாளி மாத்திரை சாப்பிட்டுவிட்டதாக அவருடைய மகள் சொன்னதைச் செவிலியர் மருத்துவரிடம் 'ஹி ஹேஸ் டேக்கன் த டேப்லெட், இட் சீம்ஸ்' என்று கூறினால், அது செவிலியர் தாமே பார்த்து ஊகித்ததாகப் போய்ச் சேரலாம். மருந்தை மறுபடி கொடுப்பதா வேண்டாமா என்பது இதைப் பொறுத்தது. 'ஹிஸ் டாட்டர் சேஸ்' என்று தொடங்கிச் சொன்னவரைக் குறிப்பிட்டுவிட்டால் குழப்பமில்லை.

'அப்பியர்' சற்று முறையான நடைக்கு உரியது. செய்தி அறிக்கையிலும் அலுவல் கடிதத்திலும் 'சீம்' என்பதற்குப் பதிலாக வரும். தமிழின் 'தோன்று' போலவே இதற்கும் இரு பொருள்கள் உண்டு. 'எ மேன் அப்பியர்ட் அட் த டோர்' என்பதில் ஆள் உண்மையில் வந்து நிற்கிறார். 'ஹி அப்பியர்ட் டயர்ட்' என்பதில் களைத்தவர்போல் தெரிகிறார், அவ்வளவே. தேர்வு எழுதுவதை 'அப்பியர் ஃபார் தி எக்ஸாம்' என்பது இந்திய வழக்கு. பிரித்தானியர் 'சிட்' அல்லது 'டேக்' என்பார்கள்.