கப்பல் ஆடும்... கூடவே தலையும் சுற்றும்!

கொடைக்கானல் பஸ்ஸில் கையில் எலுமிச்சம்பழத்தோடு உட்காருகிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் அண்டார்டிகா கப்பலைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள்.

1981 டிசம்பர் 6-ம் தேதி, டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' கப்பலில் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தது 1982 ஜனவரி 9-ம் தேதி. ஒரு மாசத்துக்கு மேல் தண்ணீரில்! இப்போது கேப்டவுனிலிருந்து புறப்படுவதால் நாட்கள் குறைவு. நம்ம பள்ளிக்கரணை கடல் தொழில்நுட்ப நிலையத்துக்காரர்கள்கூட அங்கே பிரியதர்ஷினி ஏரிக்குள் இயந்திரம் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே, "அம்மா, லிஸ்ட்டில் என் பேரும் இருக்கு" என்று நாளைக்கு உங்கள் பிள்ளையே வந்து நிற்கலாம்.

தெற்கே 40 டிகிரியைத் தாண்டினால் காற்றைத் தடுக்கப் பெரிதாக நிலமே கிடையாது. அலை மலை மாதிரி எழும்பும். சாப்பாட்டு மேஜையில் தட்டு நழுவாமல் இருக்க விரிப்பை ஈரமாக்கிப் போடுவார்கள். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கம்பியிலே இருக்கணும்.

இந்தக் குமட்டலுக்கு வயிற்றைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அறைக்குள் இருக்கிற கண், 'சுவர் அசையவில்லை' என்கிறது. உள்காதிலுள்ள சமநிலை உறுப்போ, 'ஆடுகிறோம்' என்கிறது. மூளை குழம்பிப் போகிறது, வாந்தி வருகிறது. அதனால்தான் வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் கொஞ்சம் தேவலாம் போலிருக்கும். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. அங்கே படுப்பது நல்லது. வெறும் வயிறு கூடாது. ரஸ்க், பொரி மாதிரி ஏதாவது கொறிக்கலாம். 'அவோமின்' மாதிரி மாத்திரையை வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவே வெளியே வந்துவிடும், முன்கூட்டியே போடணும். தூக்கம் வரும், ஜாக்கிரதை! கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனால் கப்பல் டாக்டரிடம் சொல்லியே ஆகணும்.

இன்னொரு தொல்லை, தெற்கே போகப் போக ராத்திரியே வராது! திரையை இழுத்து மூடி, கடிகாரம் பார்த்துத்தான் தூங்கணும்.

போகிறவர்களுக்கு முன்னாலேயே டெல்லி எய்ம்ஸில் மருத்துவப் பரிசோதனை உண்டு. 'சொன்னால் விடமாட்டார்களோ' என்று எதையும் மறைக்கிற பிள்ளைகளை நீங்கள்தான் கண்டிக்க வேண்டும். நடுக்கடலில் கல்லடைப்பு வந்தால் ஆம்புலன்ஸ் வராது. சொத்தைப் பல்லைக்கூட மயிலாப்பூரிலேயே கவனித்துவிடுவது உத்தமம். ஊறுகாய் கட்டிக் கொடுப்பதெல்லாம் அப்புறம்.