மலையில் 100 மைல் ஓட்டம்: மோசமான வானிலையும் ஓட்டக்காரரின் உரிமைகளும்

மலைப்பாதையில் 100 மைல், அதாவது சுமார் 161 கி.மீ., ஓடும் அல்ட்ராமாரத்தானில் பெரும்பாலானோர் ஓர் இரவையாவது மலையிலேயே கழிக்கிறார்கள். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மோன் பிளாங்க் மலைத்தொடரைச் சுற்றிவரும் யூடிஎம்பி பந்தயத்தில் மொத்த ஏற்றம் மட்டும் சுமார் 10,000 மீட்டர். அதை முடிக்க 46 மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்வோர் உண்டு. அதற்குள் வெயில், மழை, சூறைக்காற்று, உறைகுளிர் எல்லாம் வந்துபோகலாம்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் உடல் வெப்பம் வேகமாக வெளியேறும். ஓடும்வரை தசைகள் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். களைத்து நடக்கத் தொடங்கியதும் அந்த வெப்பம் குறைகிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதே ஹைப்போதெர்மியா. உறைநிலையைத் தொடாத குளிரிலும் இது வரும்.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. மலை ஓட்டத்தில் கலந்துகொண்ட 172 பேரில் 21 பேர் இறந்தார்கள். நாட்டின் முன்னணி ஓட்டக்காரரான லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். வாகனம் ஏற முடியாத செங்குத்தான பகுதியில் ஆலங்கட்டி மழையும் உறைகுளிர் மழையும் பலத்த காற்றும் அவர்களைச் சூழ்ந்தன. காற்று புகாத மேலுடை அந்தப் பந்தயத்தின் கட்டாயப் பொருள்களில் இல்லை. ஆட்டிடையர் ஜு கெமிங் ஆறு பேரைத் தம் குகைக்குள் சேர்த்து, தீ மூட்டிக் காப்பாற்றினார். வானிலை எச்சரிக்கையைப் பொருட்படுத்தாததும் மீட்பு ஏற்பாடு போதாததும் பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டன.

ஓட்டக்காரர் கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன்பே சிலவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை ஓட்டக்காரருக்கு உண்டு. வானிலை மோசமானால் பந்தயத்தை நிறுத்துவது யார்? மாற்றுப் பாதை இருக்கிறதா? எந்தெந்தச் சாவடியில் மருத்துவர், கூரை, சூடான பானம் கிடைக்கும்? பாதி வழியில் விலகுபவரை எப்படிக் கீழே இறக்குவார்கள்? ரத்தானால் கட்டணம் திரும்ப வருமா? பதில் எழுத்தில் இல்லாத பந்தயத்தைத் தவிர்ப்பதே நல்லது.

நல்ல அமைப்பாளர் ஓட்டத்தை நிறுத்தத் தயங்குவதில்லை. யூடிஎம்பி 2010-இல் புயல்மழையால் நடுவில் நிறுத்தப்பட்டது. 2012-இல் பாதை வெகுவாகக் குறைக்கப்பட்டது. தலைமூடியுள்ள மழை மேலுடை, இரண்டு தலைவிளக்கு, உயிர்காப்புப் போர்வை, விசில், கைபேசி ஆகியவை அங்கே கட்டாயம். இவற்றை எடைக்கு அஞ்சி விட்டுச்செல்வது உயிரோடு விளையாடுவது.

உடனடி நிவாரணம்

கட்டுப்படாத நடுக்கம், தடுமாறும் நடை, குழறும் பேச்சு, ஜிப்பைக்கூட இழுக்க முடியாத விரல்கள் ஆகியவை ஹைப்போதெர்மியாவின் அடையாளங்கள். உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். பாதிக்கப்பட்டவருக்குத் தம் நிலை புரியாது என்பதால் உடன் ஓடுபவரே முடிவெடுக்க வேண்டும். காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையை மாற்றி, தரைக்குளிர் ஏறாதபடி அடியில் எதையாவது விரித்து, போர்வையால் சுற்ற வேண்டும். நல்ல நினைவோடு இருந்தால் இனிப்பான சூடான பானம் தரலாம். மது தரக்கூடாது, கைகால்களைத் தேய்க்கவும் கூடாது.

இடி கேட்டால் மலைமுகட்டையும் தனிமரத்தையும் விட்டு விலகி இறங்க வேண்டும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருந்த பிறகே மேலே ஏறலாம்.

மீட்புச் செலவு

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் சுவிட்சர்லாந்திலும் அவசர எண் 112. பிரான்சில் மலை மீட்பைச் செய்யும் அரசுப் படை பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் வந்தால் செலவு ஓட்டக்காரர் தலையில் விழலாம். தேடல், மீட்பு, சிகிச்சை மூன்றையும் மலை ஓட்டப் பந்தயத்துக்கு ஈடுசெய்யும் காப்பீடா என்று பாலிசியை வாசித்து உறுதிசெய்ய வேண்டும்.

கையெழுத்தும் சட்டமும்

"எது நடந்தாலும் அமைப்பாளர் பொறுப்பல்ல" என்ற படிவத்தில் கையெழுத்திட்டதால் எல்லா உரிமையும் போய்விடுவதில்லை. பிரிட்டனில் அலட்சியத்தால் நேரும் மரணம், காயம் ஆகியவற்றுக்கான பொறுப்பை வணிக அமைப்பாளர் இத்தகைய படிவத்தால் தட்டிக்கழிக்க முடியாது. கலிபோர்னியாவில் சாதாரண அலட்சியத்துக்குப் படிவம் பெரும்பாலும் செல்லும். கடும் அலட்சியத்துக்குச் செல்லாது. ஆகவே பந்தயம் நடக்கும் நாட்டின் சட்டத்தை அறிந்துகொள்வது அவசியம்.

இந்திய இமயமலையில் கட்டணம் வாங்கி நடத்தும் பந்தயத்தில் சேவைக் குறைபாடு இருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையிடலாம். ஓட்டக்காரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் தரலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். ஆலோசனைக்கு நுகர்வோர் உதவி எண் 1915. கட்டண ரசீது, விதிமுறைகள், அமைப்பாளர் அனுப்பிய வானிலை அறிவிப்புகள், ஓட்டக் கடிகாரத்தின் பதிவு, மருத்துவச் சீட்டுகள், சாட்சிகளின் தொடர்பு விவரங்கள் ஆகியவற்றைச் சேர்த்துவைத்தால்தான் புகார் நிற்கும்.