சாளரத்தில் உருவம் வரைதல்: கட்டளையும் வரையறையும்

கணினிச் சாளரத்தில் ஒரு வட்டம் வரைவது, நிரலாக்கம் பயில்வோர் தொடக்கத்தில் மேற்கொள்ளும் பயிற்சிகளுள் ஒன்றாகும். நிரலை இயக்கியதும் வட்டம் தோன்றுகிறது. சாளரத்தின் அளவை மாற்றியதும் அது மறைந்துவிடுகிறது. மாணவர் கட்டளைகளில் பிழை தேடுகிறார். பிழையோ, ‘வரைதல்’ என்னும் சொல்லை அவர் விளங்கிக்கொண்ட முறையில் உள்ளது. ஜாவா மொழியின் ஸ்விங் தொகுதியையும், பைத்தான் மொழியில் டிகின்டர் வழியாகப் பயன்படும் டிகே தொகுதியையும் ஒப்பிட்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

முதற்கண் இடக்குறிப்பு. பள்ளிக் கணிதத்தில் நிலைக்குத்து அச்சின் மதிப்பு மேல்நோக்கி வளரும். இவ்விரு தொகுதிகளிலும் தொடக்கப் புள்ளி இடப்புற மேல் மூலையில் அமைய, மதிப்பு கீழ்நோக்கி வளர்கிறது. வட்டமும் மையத்தாலும் ஆரத்தாலும் குறிக்கப்படுவதில்லை. அதனைச் சூழும் சதுரத்தால் குறிக்கப்படுகிறது. மையம் (150, 100), ஆரம் 40 எனக் கொள்வோம். ஸ்விங் கேட்பன மேல் மூலை, அகலம், உயரம். ஆகவே 110, 60, 80, 80. டிகே கேட்பன எதிரெதிர் மூலைகள் இரண்டு. ஆகவே 110, 60, 190, 140. பின்னைய எண்களை ஸ்விங்கில் இட்டால் வட்டத்திற்கு மாறாக நீள்வட்டமே கிடைக்கும்.

அடுத்தது நினைவு. ஸ்விங், தான் வரைந்த வட்டத்தை வட்டமென நினைவில் வைத்திருப்பதில்லை. திரைப்புள்ளிகள் நிறம் மாறுகின்றன, அவ்வளவே. ‘கெட்கிராஃபிக்ஸ்’ வழியாக நேரே வரைந்தது, பலகம் மீள வரையப்படும்போது அழிந்துவிடும். எனவே, வரையும் முறையைப் ‘பெயிண்ட்கம்போனென்ட்’ என்னும் செயற்கூற்றினுள் எழுதிவைத்தல் வேண்டும். தேவை எழும்போதெல்லாம் ஸ்விங்கே அதனை அழைக்கும். உருவத்தின் இடத்தை மாற்ற விரும்பினால், சேமித்த எண்களை மாற்றி ‘ரீபெயிண்ட்’ என வேண்டுகோள் விடுத்தல் போதும்.

டிகேயின் வரைபலகம் இதனின் வேறானது. அதில் ஒவ்வோர் உருவமும் ஓர் அடையாள எண்ணுடன் பதிவாகிறது. அவ்வெண்ணைச் சுட்டி உருவத்தை நகர்த்தலாம், நிறம் மாற்றலாம், நீக்கலாம். மீள வரையும் பொறுப்பைப் பலகமே ஏற்கிறது. உருவத்தைத் தரவாகக் காக்கும் இக்கருத்து புதியதன்று. எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கி, 1963ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் விளக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ நிரலிலேயே அது இடம்பெற்றது.

இரு தொகுதிகளுக்கும் பொதுவான உண்மை ஒன்றே: நிலைத்திருப்பது திரையிலுள்ள கோடன்று, அதன் விவரிப்பு. நாள்தோறும் அழியும் கோலம் மறுநாளும் வாயிலில் தோன்றுவது, இடுபவர் அதன் முறையை அறிந்திருப்பதால்தான். தமிழில் ‘வரைதல்’, ‘வரையறுத்தல்’ ஆகிய இரண்டும் ஒரே வேரின. நிரலர் உருவத்தை வரையறுக்கிறார். கணினி அதனை வரைகிறது. தமிழ்வழி நிரலாக்கப் பாடநூல்கள் இவ்விரு சொற்களையும் இவ்வாறு பிரித்தாளுமாயின், மறைந்த வட்டத்தைத் தேடி மாணவர் இடர்ப்படுவது பெரிதும் குறையும்.