வாரத்துக்கு எத்தனை டயாலிசிஸ்?

டயாலிசிஸ் தொடங்கும் நாளில் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரகம் முழுவதுமாக நின்றுபோயிருப்பதில்லை. நல்ல நிலையில் உள்ள இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 100 மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன. முதல் தடவை டயாலிசிஸ் செய்ய வருபவரிடம் அதில் பெரும்பாலும் 5 முதல் 10 மில்லிலிட்டர் வரை மிச்சம் இருக்கும். தினமும் அரை லிட்டர் சிறுநீர் போகிறவர்கள் உண்டு, ஒரு லிட்டருக்கு மேல் போகிறவர்களும் உண்டு.

ஆனால் பாடப்புத்தகக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்: வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். சொட்டுச் சிறுநீர்கூட வராதவருக்கும் அதே அளவு. 1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் விட்டுவைக்கக்கூடிய டெஃப்லான் குழாயை உருவாக்கினார். ஒரே நோயாளிக்கு டயாலிசிஸை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய அதன் பிறகுதான் வழி பிறந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அனுபவமும் நடைமுறை வசதியும் சேர்ந்து ‘வாரம் மூன்று’ என்பதை நிலைநிறுத்தின. இரண்டையும் மூன்றையும் நேருக்கு நேர் சோதித்துப் பார்த்து எடுத்த முடிவல்ல அது.

மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சம் எவ்வளவு பெறும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் இருக்கும். யூரியாவை மட்டும் வைத்துப் பார்த்தால், சரியாக நடந்த ஒரு டயாலிசிஸ் அதைப் போல் 1.2 மடங்கையாவது, அதாவது சுமார் 42 லிட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். இவருடைய சிறுநீரகம் நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர் அளவுக்கு யூரியாவை நீக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 10,080 நிமிடங்கள். பெருக்கினால் 30 லிட்டர். முக்கால் டயாலிசிஸ்! ஊசி இல்லை, பஸ் செலவு இல்லை, தூங்கும்போதும் நடக்கிறது.

இதுவும் குறைத்துப் போட்ட கணக்குதான். மிஷின் நான்கு மணி நேரம் அவசரமாக இழுத்துவிட்டு நின்றுவிடும். சிறுநீரகம் நாள் முழுக்க வேலை செய்வதால் தண்ணீரும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் மலையாகச் சேர்வதில்லை. தவிர, இரத்தத்திலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரியும் சில கழிவுகளை மிஷினின் வடிகட்டியால் சரியாகப் பிரிக்க முடியாது. பாதி பழுதான சிறுநீரகத்தின் நுண்குழாய்கள்கூட அந்த வேலையை அதைவிட நன்றாகச் செய்கின்றன. கனடாவிலும் அமெரிக்காவிலும் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொண்டவர்களிடம் நடந்த கனூசா ஆய்வின் தரவுகளை 2001இல் மறுபடி அலசினார்கள். நாளொன்றுக்கு 250 மில்லிலிட்டர் சிறுநீர் கூடுதலாகப் போனால் இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைவாக இருந்தது. டயாலிசிஸின் அளவைக் கூட்டியதற்கு அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை.

இந்த மிச்சத்தை அளந்து, அதற்கு ஏற்பக் குறைவாகத் தொடங்கி, அது தேயத் தேய டயாலிசிஸைக் கூட்டுவதுதான் படிப்படியான டயாலிசிஸ். யூரியா நீக்கம் நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டருக்கு மேல், சிறுநீர் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் இருந்தால் வாரம் இரண்டு தடவையில் தொடங்குவதைப் பல மருத்துவர்கள் யோசிப்பார்கள். அந்த இரண்டு எண்கள் மட்டும் போதாது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை எவ்வளவு ஏறுகிறது, பொட்டாசியம் கட்டுக்குள் இருக்கிறதா, இதயம் பலவீனமா, மூச்சு வாங்குகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். வயிற்றுவழி டயாலிசிஸில் இது இன்னும் சுலபம்: நாளுக்கு நான்கு தடவை திரவம் மாற்றுவதற்குப் பதில் இரண்டு, மூன்றில் தொடங்கலாம்.

நம் ஊரில் வாரம் இரண்டு தடவை என்பது புதிய செய்தியே அல்ல. இந்தியாவில் ஏராளமானவர்கள் அப்படித்தான் செய்துகொள்கிறார்கள். சிறுநீரகத்தை அளந்து பார்த்து முடிவு செய்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? பணம், தூரம், இழக்கும் கூலி, கூட வர ஆள் இல்லாமை ஆகியவைதான் பலருக்கும் அந்த எண்ணை முடிவு செய்கின்றன. சிறுநீர் நன்றாகப் போகிறவருக்கு அதே இரண்டு போதுமானதாக இருக்கலாம். சிறுநீர் வற்றிப்போனவருக்கு அது அரைகுறைச் சிகிச்சை, ஆபத்தும்கூட. 2016இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வும் இந்தப் பிளவைக் காட்டியது. இரண்டு தடவையில் தொடங்கியவர்களுக்குச் சிறுநீரக வேலை மெதுவாகவே குறைந்தது. ஆனால் யூரியா நீக்கம் 3 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது.

ஆகவே அளக்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் கேன் போதும். அடுத்த டயாலிசிஸுக்கு முந்தைய 24 மணி நேரச் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். தொடங்கும் நேரத்தில் போகும் முதல் சிறுநீரைச் சேர்க்கக் கூடாது. முடியும் நேரத்தில் போவதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அதையும் இரத்தத்தையும் பரிசோதித்து யூரியா, கிரியேட்டினின் கணக்குப் போடுவார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவது சங்கடம்தான். பலர் நடுவில் ஒரு தடவை சேர்க்க மறந்துவிட்டு அதைச் சொல்லாமல் இருப்பதும் உண்டு. சொல்லிவிட்டால் இன்னொரு நாள் திரும்ப எடுக்கலாம். சொல்லாவிட்டால் தப்பான எண்ணை வைத்துச் சிகிச்சை நடக்கும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் மிச்சமிருப்பது குறைந்துகொண்டேதான் போகும்.

அது வேகமாகக் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் முதல் எதிரி. ஸ்கேனுக்கு ஏற்றும் சாய மருந்து, ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் ஆகியவற்றுக்கு முன்னால் “எனக்கு இன்னும் சிறுநீர் போகிறது” என்று சொல்லிவிடுங்கள். டயாலிசிஸ்காரர்தானே, இனிக் கெட என்ன இருக்கிறது என்று எண்ணிவிடுகிறவர்கள் உண்டு. டயாலிசிஸின் நடுவே இரத்த அழுத்தம் சடாரென்று இறங்குவதும் மிச்சத்தைக் கெடுக்கும், அதனால் உப்பைக் குறைத்து எடை ஏறாமல் வருவது முக்கியம். சிறுநீர் பெருக்கும் ஃபுரோசமைடு மாத்திரையை டயாலிசிஸ் தொடங்கியாயிற்று என்று தாமாக நிறுத்திவிடக் கூடாது.

கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, வாயில் கசப்பு, பசியின்மை, இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறுவது, சிறுநீர் அளவு கண்ணுக்குத் தெரியக் குறைவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் சிறுநீரக மருத்துவரிடம் மூன்றாவது தடவை பற்றிக் கேட்க வேண்டும்.